ஒன்பதாம் வட்டத்தின் பத்தொன்பது தேடல்கள்

"மாப்பிள்ளை, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க."

மாப்பிள்ளை குனிந்தான். அத்தை ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கும் வழக்கத்தைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கைவிட்டிருந்தான். தலைக்கு மேலே தீயணைப்பு சிலிண்டர் ஒன்று பறந்து போய், இரும்புக் குழாயை ஓங்கிக்கொண்டு நின்றவனின் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் பெரிதாக இல்லை. அவன் போட்ட அலறல்தான் மூன்று மாடிக்கும் கேட்டது.

இரண்டாமவன் மாப்பிள்ளையின் காலரைப் பிடித்து ஜெராக்ஸ் மெஷின்மேல் முகத்தை மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. மெஷினுக்கு உயிர் வந்து, பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடி, நசுங்கிய கன்னத்தை ஒரு காப்பி எடுத்து வெளியே தள்ளியது.

"படம் நல்லா வந்திருக்கா அத்தை?"

"ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. சீக்கிரம் முடிங்க."

மாப்பிள்ளை துப்பறிய வருவதற்கு முன் லிப்ட் மெக்கானிக். கம்பெனியை மூடிவிட்டார்கள். பின்பாக்கெட்டில் ஸ்பேனர் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் அவன் மூடவில்லை. அதை எடுத்துப் பின்பக்கமாக வீசினான். முழங்கால் சில்லு தெறித்தது.

அதற்குள் மூன்றாமவன் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை வயரோடு பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான். கீழே தெருவில் அது சிதறுவதைக் கேட்டுவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல் ஓடினான். மூக்குடைந்தவன் பின்னாலேயே ஓடினான். முழங்கால் போனவனும் நொண்டிக்கொண்டே போய், பத்தாவது படியில் கால் மடங்கி, தலைகீழாக உருண்டான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாகக் கிடந்தான். முன்னால் ஓடிய இருவரும் நிற்காமல் இறங்கிப் போனார்கள். ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை இறங்கிப் போய் நாடி பார்த்துவிட்டு வந்தாள்.

"போயிட்டான். சட்டைல கறுப்புப் பட்டை."

"இன்னிக்கு ஊர் முழுக்கக் கறுப்புப் பட்டைதான் அத்தை. நம்ம தெரு நாய்க்குக்கூடக் கட்டி விட்டிருக்காங்க."

அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஓய்வுபெற்ற பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ஊரில் அவளுக்கு 'சென்சஸ்' என்று பெயர். பெண்ணைக் கட்டிய மருமகனே உதவியாளன் என்பதால், கொலை நடந்த இடத்தில்கூட அவனை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

இன்று காலை அவளுக்கு ஒரு போன் வந்தது. "அந்தப் படத்தைப் போட்டது நான்தாம்மா. டிவில தப்பா சொல்லிட்டாங்க. ரெண்டு பேர் எரிஞ்சு கிடக்காங்க. எண்ணிக்கை எங்கிட்ட இருக்கு, வந்து பாருங்க" என்று அழுதது ஒரு குரல். கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வரைபடம் போடுபவன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அலுவலகத்தில் தனியாக இருந்தான்.

இப்போது மேஜைக்கு அடியில் கிடந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. விரல்களை டிராயருக்குள் வைத்து மூடியிருந்தார்கள், பத்தையும். பேச வாய் இல்லை, எழுதக் கை இல்லை, காட்டக் கம்ப்யூட்டர் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

"ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்," என்றான் மாப்பிள்ளை. "இவர்கிட்ட இனிமே என்னத்தைக் கேக்கறது?"

அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தம்பி, வலிக்கும்னு தெரியும். வண்டி வர்ற வரைக்கும்தான். ஆமான்னா கண்ணை ஒரு தடவை மூடு. இல்லைன்னா ரெண்டு தடவை. சரியா?"

ஒரு தடவை மூடினான்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை மாலை, தேர்தல் கூட்டம் முடிந்து மேடையிலிருந்து இறங்கிய டாக்டரம்மாவை, விளக்கை அணைத்துவிட்டு ஹெல்மெட் போட்ட ஒருவன் ஏழு இடத்தில் குத்தினான். ஊரே அம்மா என்று கூப்பிட்ட வேட்பாளர். நேற்று மாலை டிவியில் ஒரு வரைபடம் காட்டினார்கள். 'டாக்டரம்மா கூட்டம் எத்தனை மணிக்கு முடியும்' என்று கொலைக்கு முந்தின நாட்களில் இணையத்தில் எந்த வட்டம் எவ்வளவு தேடியது என்ற படம். மற்ற வட்டங்கள் எல்லாம் வெளிறிய ரோஜா நிறம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்பதாம் வட்டம் மட்டும் ரத்தச் சிவப்பு. அதன்மேல் பெரிதாக ஓர் எண்: நூறு. "ஒன்பதாம் வட்டமே நேரம் பார்த்துக் காத்திருந்திருக்கிறது" என்றான் டிவிக்காரன். அரை மணி நேரத்தில் பாலத்தைத் தாண்டிப் போய் நான்கு வீடுகளைக் கொளுத்தினார்கள். இன்று நான்கு மணிக்கு இரங்கல் ஊர்வலம் அதே பாலத்தைத் தாண்டப் போகிறது.

அந்த ஒன்பதாம் வட்டத்து மருத்துவமனையில்தான் மாப்பிள்ளையின் மனைவி நர்ஸ். அத்தையின் ஒரே பெண்.

"நூறுன்னா நூறு பேரா தம்பி?"

இரண்டு தடவை.

"நூறுக்கு மேல?"

இரண்டு தடவை.

"பத்துக்குக் கீழ?"

ஒரு தடவை. மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"அஞ்சுக்கு மேல? ஆறா?"

ஒரு தடவை.

"ஆறு தேடலா? ஆறுக்கா இவ்வளவு சிவப்பு?" என்றான் மாப்பிள்ளை. "என் கன்னத்துலயே இதைவிட அதிகமா சிவந்திருக்கு."

"ஜனம் ஜாஸ்தி இருக்கிற மூணாம் வட்டத்துல எத்தனை தம்பி? ஆயிரத்துக்கு மேல?"

ஒரு தடவை. கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"மாப்பிள்ளை, ஒரு வீட்ல மூணு பேரு. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். எதிர் மாடில முந்நூறு பேரு. அம்பது பேருக்குக் காய்ச்சல். எந்த வீடு ரொம்பச் சிவப்பு?"

"மூணு பேர் வீடு."

"அதான் இந்தப் படம். எத்தனை பேர்னு காட்டாது. நூத்துக்கு எத்தனைன்னு காட்டும். அதுல யார் ஒசத்தியோ அவங்களுக்கு நூறுன்னு வெச்சிடும். தம்பி, அந்த வாரம் ஒன்பதாம் வட்டத்துல மொத்தமே எத்தனை தேடல்? எதைத் தேடினாலும் சரி. அம்பதுக்குக் கீழ? இருபதுக்குக் கீழ?"

கேட்டுக் கேட்டுப் பத்தொன்பதில் கண் ஒரு தடவை மூடியது.

"தொள்ளாயிரம் குடும்பம்," என்றாள் அத்தை. "ரெண்டு தடவை நானே எண்ணியிருக்கேன். பத்தொன்பது தேடல்தானா?"

மாப்பிள்ளைக்குப் பளிச்சென்றது. "அத்தை! டவர்! போன அடிதடில டவரைக் கொளுத்திட்டாங்கல்ல? ரெண்டு வாரமா அங்க எவன் போன்லயும் ஒண்ணும் வராது. உங்க பொண்ணு தினம் மத்தியானம் மூணு மணிக்கு லேண்ட்லைன்ல கூப்பிட்டு என்னைத் திட்றா. ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் கம்பி வழியா..."

சொல்ல வந்ததை முடிக்காமல் நின்றான். ஒன்பதாம் வட்டத்தில் இணையம் இருந்த ஒரே இடம் அவன் மனைவி உட்காரும் மேஜை.

"கடைசியா ஒண்ணு தம்பி. இந்த ஒரு வரிக்குப் படம் போடச் சொல்லிக் கேட்டது டிவியா?"

இரண்டு தடவை.

"கட்சியா?"

ஒரு தடவை மூடினான். மறுபடி திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியில் கிடந்த பிணத்தைத் தாண்டி ஏறி வந்தார்கள்.

*

பாலத்தின் இந்தப் பக்கம் மூன்று போலீஸ் வேன்கள் நின்றன. மூன்றிலும் கண்ணாடி ஏற்றி இருந்தது. உள்ளே எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் நடுவில் கல்லையும் டயரையும் போட்டு மறித்திருந்தார்கள். மாப்பிள்ளை பைக்கை நிறுத்தியதும் எவனோ ஒருவன் பேச்சே இல்லாமல் வயிற்றில் கட்டையால் குத்தினான். அடுத்த அடி விழுவதற்குள் "விடுடா" என்று ஒரு குரல். கட்டை கீழே இறங்கியது.

மலை. டாக்டரம்மாவின் மெய்க்காவலன். ஆறே கால் அடி. வியாழக்கிழமை கத்தியை வெறுங்கையால் பிடித்தவன். வலது கையில் மூன்று விரல் இப்போது இல்லை. கழுத்திலிருந்து தொங்கிய கட்டுத்துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. இடது கையில் வெட்டரிவாள்.

"சென்சஸ் அம்மாவா? எங்க வீட்டுக் கதவுல நம்பர் எழுதினவங்கதான நீங்க? எங்க போறீங்க?"

"பொண்ணு அந்தப் பக்கம் நர்ஸ் தம்பி."

"கூட்டிட்டு வந்துடுங்க. நாலு மணிக்கு நாங்க வருவோம். அப்புறம் நர்ஸுன்னும் பாக்க மாட்டாங்க, நாயின்னும் பாக்க மாட்டாங்க."

"குத்தினவன் முகத்தைப் பாத்தியா?"

மலை உதட்டைக் கடித்தான். "ஹெல்மெட். இருட்டு. அவன் இடது கட்டைவிரல்ல வெள்ளைக் கட்டு போட்டிருந்தான். அதை மட்டும்தான் பாத்தேன். அந்தக் கட்டு எவன் கைல இருக்கோ அவனை நான் பாத்துக்கறேன்."

பைக் நகர்ந்ததும் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "அத்தை, அங்க எல்லாரும் கல்லுடைக்கிறவங்க. பாதிப் பேர் கட்டைவிரல்ல கட்டு இருக்கும்."

"ஆமா மாப்பிள்ளை. எவனோ ஒருத்தன் அதையும் யோசிச்சிருக்கான்."

*

மருத்துவமனை என்றால் மூன்று அறை. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நோட்டு. நடு அறையில் நேற்று எரிந்த இருவர் வாழைப்பட்டை மாதிரி உரிந்து கிடந்தார்கள். கடைசி அறையில் ஒரு பெண் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கணவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, யாரு இப்படி?"

"ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். ஒரிஜினலையே கேட்டாங்க."

"வா, கிளம்பு," என்றாள் அத்தை. "நாலு மணிக்கு வர்றாங்க."

"இந்த மூணு பேரையும் நீ தூக்கிட்டு வர்றியாம்மா? அப்ப வரேன்." பஞ்சை நனைத்துக் கணவன் கன்னத்தில் அழுத்தினாள். அவன் கத்தினான். "கத்தாதீங்க. அங்க ஒருத்தி ரெண்டு உயிருக்குக் கத்தறா."

அத்தை வாதாடவில்லை. எடுத்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து வரும் ரத்தம் அந்தக் குடும்பத்தில் கிடையாது என்று அவளுக்கே தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இதுல யார் யார் தேடுவீங்க?"

"நான் மட்டும்தான். ஆஸ்பத்திரி டிரஸ்ட்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க, லைன் வைத்தியத்துக்கு மட்டும்தான்னு. என்ன தேடினாலும் இந்த நோட்டுல எழுதணும்." பச்சை அட்டை நோட்டைத் தள்ளினாள். "இந்த வாரம் புதன் வரைக்கும் பன்னெண்டு. எல்லாம் மருந்து அளவு."

"இன்னும் ஆறு தேடல் டாக்டரம்மா கூட்டத்தைப் பத்தி. யாரோ உன் நாற்காலில உக்காந்திருக்காங்க."

நர்ஸின் கை நின்றது.

"கட்டைவிரல்காரர்."

"இந்த ஊர்ல நாப்பது கட்டைவிரல்காரர்."

"நாப்பத்தொண்ணு," என்று நோயாளிகள் நோட்டைப் பிரித்தாள். "மூணு தடவை வந்தார். திங்கள், செவ்வாய், புதன். திங்கள்கிழமை இடது கட்டைவிரல்ல மூணு தையல் போட்டேன். ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. கழுத்து சுளுக்கிடுச்சு, கழட்ட முடியாதுன்னார். கல்லுடைக்கிறேன்னார். கைல காய்ப்பே இல்ல. வெட்டும் கல்லு பட்ட வெட்டு இல்லம்மா, பிளேடு மாதிரி நேரா இருந்துச்சு. எனக்கெதுக்கு, நான் தைக்கிறவ. போன்ல சிக்னல் இல்ல, வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பிக்கறேன்னு கேட்டார். மருந்து கட்டி முடிச்சு நான் கத்திரியைக் கொதிக்க வைக்கப் போவேன். அந்த நேரத்துல..."

"பேரு?"

"ஏதோ ஒரு பேரு எழுதியிருக்கேன். பொய்யாத்தான் இருக்கும்."

அத்தை அந்த வாரத்துப் பழைய தேடல்களைத் திறந்தாள். செவ்வாய், திங்கள், அதற்கு முன்னால், எல்லாம் வெறுமை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"அழிச்சுட்டான்," என்றான் மாப்பிள்ளை. "போச்சு. மணி ரெண்டே முக்கால். அத்தை, நான் உங்க பொண்ணைத் தோள்ல போட்டுட்டு ஓடிடறேன். அப்புறம் வாழ்நாள் முழுக்கத் திட்டட்டும், பரவாயில்ல."

"பன்னெண்டு. ஆறு. பதினெட்டு," என்றாள் அத்தை.

"என்னது?"

"மொத்தம் பத்தொன்பதுன்னு அந்தத் தம்பி சொன்னான். ஒண்ணு குறையுது."

"இப்ப ஒண்ணு ரொம்ப முக்கியமா அத்தை?"

"எண்ணப் போன வீட்ல ஒரு ஆள் குறைஞ்சா, கட்டிலுக்கு அடில பாக்காம நான் எந்திரிச்சு வந்ததில்ல மாப்பிள்ளை."

பக்கத்தை மெதுவாக மேலே தள்ளினாள். புதன்கிழமைக்கு வந்தாள். ஒற்றை வரி இருந்தது. மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.

'சின்னவர் ஜெயிப்பாரா.'

மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். சின்னவர் என்பது டாக்டரம்மாவின் தம்பிக்கு ஊர் வைத்த பெயர். கட்சியின் இணையப் பிரிவுத் தலைவர். அக்கா செத்த மறுநாள் கட்சி அவரையே வேட்பாளராக அறிவித்திருந்தது. "இதுல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமைலேந்து ஊர் முழுக்க இதைத்தான தேடுது."

"கிழமையைப் பாருங்க."

பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். கன்னத்து வலி மறந்துபோயிற்று.

புதன்கிழமை மாலை டாக்டரம்மா உயிரோடு இருந்தாள். அவள்தான் வேட்பாளர். சின்னவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

"அக்காவுக்கு மறுநாள் என்ன ஆகப்போகுதுன்னு தெரிஞ்ச ஒருத்தன்தான் இந்தக் கேள்வியைக் கேக்க முடியும்," என்றாள் அத்தை. "எல்லாத்தையும் அழிச்சிருக்கான். எந்திரிக்கப் போறப்ப கை கேக்கல. அரசியல்ல இருக்கிறவனைத் தனியா ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சா, தன் பேரை ஒரு தட்டு தட்டிப் பாக்காம எந்திரிப்பானா?"

"படம் போடச் சொன்னதும் கட்சி..."

"லட்சம் வரில இந்த ஒரு வரியை எடுத்துப் படம் போடுன்னு யாருக்குத் தோணும்? தட்டினவனுக்குத்தான் தோணும். டவர் இல்லாத ஊர்ல ஆறு தேடல் போதும், சிவந்துடும்னும் அவனுக்குத்தான் தெரியும். வாரா வாரம் படத்தைப் பாக்கிறவன். பத்து நாள்ல ஓட்டுப்பதிவு. ஒன்பதாம் வட்டம் மொத்தமும் எதிர்க்கட்சி ஓட்டு. ஊரே எரிஞ்சு ஓடிட்டா அந்த ஓட்டைப் போட ஆள் ஏது?"

நர்ஸ் பிரிண்டர் பொத்தானை அழுத்தினாள். வெளியே, தூரத்தில், ஆயிரம் தொண்டைகள் ஒரே கோஷத்தைப் போட்டன. மணி மூன்றே கால்தான். சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

*

ஆற்றுப் பாலம் முடியும் இடத்தில் அத்தை ஒற்றைத் தாளோடு நின்றாள். மாப்பிள்ளையின் கையில் மருத்துவமனையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி.

"அத்தை, கணக்குல நீங்க புலி. எதிர்ல எத்தனை பேரு?"

"ரெண்டாயிரத்து சொச்சம்."

"நாம?"

"அதான் எண்ணி முடிச்சிட்டேன் மாப்பிள்ளை. நேரா நில்லுங்க."

கூட்டத்தின் முன்னால் மலை நடந்து வந்தான். பின்னால் திறந்த வேனில் சின்னவர், ஒரு கையில் மைக். இடது கையை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்புத் துணியால் சுற்றியிருந்தார். ஊரே அதைத் துக்கம் என்று நினைத்தது.

"வழி விடுங்கம்மா," என்றான் மலை. "கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொன்னேன்ல?"

"போயிடறேன் தம்பி. ஒரே ஒரு கட்டைவிரல் பாக்கி. அதைப் பாத்துட்டுப் போறேன்."

"யாருது?"

அத்தை வேனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"யாரு அந்தக் கிழவி?" மைக் அலறியது. "தள்ளுங்கடா!"

பக்கவாட்டிலிருந்து ஒரு கட்டை வந்து அத்தையின் நெற்றியில் இறங்கியது. அத்தை ஒரு முழங்காலில் சரிந்தாள். கட்டையைத் திரும்ப ஓங்கியவனின் தொண்டையில் மாப்பிள்ளை கம்பியின் கொக்கியை மாட்டி இழுத்தான். அவன் தார்ச்சாலையில் பல்லோடு விழுந்தான். மாப்பிள்ளையின் முதுகில் நான்கைந்து அடிகள் ஒன்றாக விழுந்தன. எது கட்டை, எது கால் என்று பிரித்துச் சொல்ல அவனுக்கு நேரமில்லை. அத்தையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை, இந்தத் தாளைக் கொடுங்க அவன்கிட்ட!"

ரத்தம் தெறித்த தாள் மலையின் காலடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்தான். அவன் படிக்கும் வேகத்துக்கு உலகமே காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் அசையாமல் நின்றதைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்தினார்கள்.

"புதன்கிழமை," என்றான் மலை. "புதன்கிழமை ராத்திரி அம்மா எங்கூடத்தான் சாப்பிட்டாங்க."

"ஆமா," என்றாள் அத்தை தரையிலிருந்து. "அப்ப சின்னவர் எதுல ஜெயிக்கணும் தம்பி?"

மலை திரும்பினான். வேனைப் பார்த்து நடந்தான். இரண்டாயிரம் பேர் என்னவென்று தெரியாமல் வழிவிட்டார்கள்.

"சின்னவரே. அந்தக் கறுப்புத் துணியை அவுருங்க."

"எனக்கே உத்தரவு போடறியா? ஏறி வண்டியை எடு!"

மலை அரிவாளைக் கீழே போட்டான். மிச்சமிருந்த ஒரே நல்ல கையால் சின்னவரின் சட்டையைப் பிடித்து வேனிலிருந்து தரைக்கு இறக்கினான். முகம் முதலில் வந்து சேர்ந்தது. நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கறுப்புத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தான்.

உள்ளே கட்டைவிரலில் வெள்ளைக் கட்டு.

சின்னவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்ததை முன்வரிசை முழுக்கப் பார்த்தது. மலையின் விலாவில் அது இறங்கியதையும் பார்த்தது. டாக்டரம்மாவுக்கு இறங்கிய அதே வீச்சு, கீழிருந்து மேலே. வியாழக்கிழமை டாக்டரம்மாவைத் தூக்கிப் போய் அந்தக் காயங்களைப் பார்த்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள்.

முதலில் யார் கல்லை எடுத்தது என்று தெரியாது. இரண்டாயிரம் பேரின் கோபத்துக்கு முகவரி மட்டும்தான் மாறியது. செருப்பு, கட்டை, கொடிக்கம்பு எல்லாம் ஒரே உடம்பின்மேல் இறங்கின. ஒரு காது போயிற்று. ஒரு முழங்கை தப்பான பக்கம் மடங்கியது.

"மாப்பிள்ளை! அவரைத் தூக்குங்க!"

"அவரையா? நம்மளைக் கொளுத்த வந்தவரையா?"

"இங்கயே செத்தா அவரும் தியாகி. நாளைக்குப் பழி மறுபடி இந்த வட்டத்து மேலதான். தூக்குங்கன்னா!"

மாப்பிள்ளை தூக்கினான். தூக்கிய முதுகில் விழுந்த அடிகளை வாங்கிக்கொண்டே ஓடினான். மருத்துவமனை வாசல் வரை கூட்டம் துரத்தியது. கதவைத் திறந்து உள்ளே இழுத்துப் போட்ட நர்ஸ், தாழ்ப்பாள் போடத் திரும்பியபோது வாசற்படியில் மலை உட்கார்ந்திருந்தான். ஒரு கை விலாவை அழுத்தியிருந்தது. விரல் இடுக்கில் ரத்தம். அரிவாள் மறுபடி மடியில்.

"ஒருத்தன் உள்ள போகக் கூடாது," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "மூணு விரலைக் கொடுத்தும் அம்மாவைக் காப்பாத்த முடியல. இவனையாவது காப்பாத்தறேன். கோர்ட்டு வரைக்கும்."

கூட்டம் நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம், நான்கு மணிக்கு, போலீஸ் வேன்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி அறையில் ஒரு குழந்தை அழுதது.

"தொள்ளாயிரம் குடும்பத்துல ஒரு தலை கூடிடுச்சு," என்றாள் அத்தை, நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தபடி. "மலை தம்பியை முதல்ல பாரு."

"ஆழமில்ல. அழுத்திக் கட்டிட்டேன், தாங்குவார்." நர்ஸ் தரையில் கிடந்தவரின் பக்கத்தில் மண்டியிட்டாள். இடது கையைத் தூக்கிக் கட்டைப் பிரித்தாள். மூன்று தையல். அவள் போட்ட முடிச்சு. எழுந்து போய் நோயாளிகள் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள்.

"பேரு சொல்லுங்க. இந்தத் தடவை நிஜப் பேரு."

வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து ஒரு பெயர் வந்தது. எழுதிக்கொண்டாள்.

"வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கே," என்றான் மாப்பிள்ளை, சுவரில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே. "அதுல என்ன எழுதுவே? கொளுத்த வந்தார்னா?"

நர்ஸ் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். புதன்கிழமை வரியில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மறுபடி வரச் சொல்லப்பட்டது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டத்தில் எழுதினாள்.

'தையல் பிரிக்க.'